பன்றியின் உறுப்பை நம் இரத்தம் ஏன் உடனே மறுக்கிறது?

[திரையில்: ஹட்டன் பக்கம் ஒரு கோயில் மண்டபத்தில் இரத்ததான முகாம். கொடையாளர் அட்டை ஒன்று நெருக்கத்தில்.]

வணக்கம். இரத்தம் கொடுத்தவர்களிடம் இப்படி ஓர் அட்டை இருக்கும். அதில் ‘ஏ பொசிட்டிவ்’ என்று இருந்தால் உங்களுக்கு பி வகை இரத்தம் ஏற்றமாட்டார்கள். பி வகைக்கு எதிரான பிறபொருளெதிரி உங்கள் இரத்தத்தில் ஏற்கெனவே இருக்கிறது.

சரி, அது எங்கிருந்து வந்தது? நோய் வந்தால் அல்லது தடுப்பூசி போட்டால்தான் பிறபொருளெதிரி உண்டாகும் என்று பாடசாலையில் படித்தோம். பி வகை இரத்தம் ஒரு சொட்டுக்கூட உங்கள் உடம்புக்குள் போனதில்லையே!

காரணம் குடலில் இருக்கிறது. அங்கே வாழும் பக்டீரியாக்கள் சிலவற்றின் மேற்பரப்பில் உள்ள சர்க்கரைகள், பி வகைக் கலங்களின் சர்க்கரையை ஒத்திருக்கின்றன. பிறந்த சில மாதங்களில் அந்தப் பக்டீரியாக்கள் குடலில் குடியேறிவிடும். தனக்குச் சொந்தமில்லாத சர்க்கரையைக் கண்ட உடல் அதற்குப் பிறபொருளெதிரியை, சுருக்கமாகச் சொன்னால் எதிரியை, செய்யத் தொடங்கும். இவற்றை இயற்கைப் பிறபொருளெதிரிகள் என்கிறோம். பன்றியின் இதயமோ சிறுநீரகமோ மனிதனுக்குப் பொருந்தாமல் போனதற்கு முதல் காரணமும் இவைதான்.

[திரையில்: ஹோட்டன் சமவெளி. மரைக்கூட்டம், காட்டுப்பன்றி, மரத்தில் குரங்கு.]

அந்தச் சண்டைக்குக் காரணமான சர்க்கரையின் பெயர் அல்பா-கேல். சமவெளியில் மேயும் மரை, நம் தோட்டத்துக் கிழங்கைத் தோண்டும் காட்டுப்பன்றி, லயத்துக்குப் பின்னால் கட்டியிருக்கும் மாடு எல்லாவற்றின் கலங்களிலும் அது உண்டு. தேவாங்கிடம்கூட உண்டு. ஆனால் கண்டி வாவியோரம் கையிலிருப்பதைப் பறித்துக்கொண்டு ஓடும் அந்தக் குரங்கிடம் இல்லை, நம்மிடமும் இல்லை. ஆசிய, ஆபிரிக்கக் குரங்குகளும் வாலில்லாக் குரங்குகளும் மனிதரும் ஒரே கிளை. ஏறக்குறைய 2 முதல் 3 கோடி ஆண்டுகளுக்கு முன் நம் பொது மூதாதையரிடம் அந்தச் சர்க்கரையைச் செய்யும் பரம்பரை அலகு பழுதாகிவிட்டது. குடல் பக்டீரியாக்கள் சிலவற்றிடம் அதைப் போன்ற சர்க்கரை இருப்பதால் நாம் எல்லோரும் அதற்கு எதிரியை வைத்திருக்கிறோம். யூரி கலிலி என்ற ஆய்வாளர் 1984 இல் இதை விவரித்தார். அளவும் கொஞ்சநஞ்சமல்ல. இரத்தத்தில் ஓடும் பிறபொருளெதிரிகளில் சுமார் 1 வீதம் இந்த ஒன்றுக்காகவே.

(அமெரிக்காவில் ஒருவகை உண்ணி கடித்த சிலருக்கு மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி ஒவ்வாமை வருவதும் இதே சர்க்கரையால்தான்.)

[திரையில்: அசைபடம். குருதிக்கலனின் உட்சுவர்.]

இப்போது சாதாரணப் பன்றியின் சிறுநீரகத்தை மனிதனுக்குப் பொருத்தினால் என்ன ஆகும்? மனித இரத்தம் அதற்குள் பாய்ந்ததும், குருதிக்கலன்களின் உட்சுவரில் உள்ள அல்பா-கேல் மீது பிறபொருளெதிரிகள் போய் ஒட்டும். அவை நேரடியாகக் கொல்வதில்லை. விடியற்காலையில் தப்படித்தால் லயமே எழும்பிப் பெரட்டுக்குப் புறப்படுவதுபோல, அவை ஒட்டியதும் இரத்தத்தில் சும்மா சுற்றிய நிரப்புப் புரதங்கள் ஒன்றையொன்று தூண்டிக்கொண்டு வரும். அந்தப் புரதங்கள் உட்சுவரைத் துளைக்கும். சுவர் கிழிந்த இடத்தில் குருதி உறையும், அதற்கப்பால் இரத்தம் போகாது. உறுப்பு வீங்கிக் கறுத்துவிடும். எல்லாம் சில நிமிடங்களில், மிஞ்சினால் சில மணித்தியாலங்களில் முடிந்துவிடும். மருந்து கொடுத்து நிர்ப்பீடனத்தை அடக்கலாமே என்றால், அந்த மருந்துகள் பெரும்பாலும் புதிதாக எதிரி உண்டாவதைத்தான் தடுக்கும். முன்பே தயாராக இருப்பதை என்ன செய்வது?

‘அப்படியென்றால் குரங்கின் உறுப்பை எடுக்கலாமே’ என்று கேட்பீர்கள். எடுத்துப் பார்த்தார்கள். 1960களில் சிம்பன்சியின் சிறுநீரகங்களோடு ஒரு நோயாளி 9 மாதம் வாழ்ந்தார். ஆனால் சிம்பன்சி அருகிவரும் இனம், குட்டி போடுவதும் மெதுவாக, அதன் வைரஸ்கள் நமக்குச் சுலபமாகத் தொற்றும். பன்றி ஓர் ஈற்றில் பல குட்டி போடும், உறுப்பின் அளவும் நமக்குச் சரி.

ஆகவே மனிதனை விட்டுவிட்டுப் பன்றியை மாற்றினார்கள். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த திருப்பம் இதுதான். அல்பா-கேல் செய்யும் பரம்பரை அலகின் இரண்டு பிரதிகளும் நீக்கப்பட்ட பன்றிக்குட்டிகள் 2002 இல் பிறந்தன. அப்புறம்தான் நம் இரத்தம் வேறு இரண்டு பன்றிச் சர்க்கரைகளையும் எதிர்ப்பது பிடிபட்டது. அவற்றையும் நீக்கினார்கள். நிரப்புப் புரதங்களை அடக்கும் மனிதப் புரதங்களையும் சேர்த்தார்கள்.

[திரையில்: பால்ட்டிமோர், ஜனவரி 2022.]

மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் 57 வயதான ஒருவருக்கு அப்படி 10 மாற்றங்கள் செய்த பன்றியின் இதயம் பொருத்தப்பட்டது. இரண்டு மாதத்தில் அவர் இறந்துபோனார். அதனால் பலர் இதைத் தோல்விக் கணக்கில் எழுதினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பழைய பன்றி இதயம் முதல் நாளிலேயே கறுத்திருக்கும், இது வாரக்கணக்கில் துடித்தது. அந்த இதயத்தில் பன்றிக்குரிய ஒரு வைரஸ் இருந்தது பின்னர் தெரிந்தது. அது வேறு பிரச்சினை.

ஆனால் உடனடி மறுப்பைத் தாண்டினால் மெதுவான மறுப்பு காத்திருக்கிறது. உடல் வாரக்கணக்கில் புதிய எதிரிகளைச் செய்யும், அந்நியக் கலங்களைத் தாக்கும் வெண்குருதிக் கலங்களான டீ (T) கலங்களும் சேர்ந்துகொள்ளும். 2024 நவம்பரில் நியூயோர்க்கில் ஒரு பெண்ணுக்குப் பன்றிச் சிறுநீரகம் பொருத்தினார்கள். மனிதச் சிறுநீரகம் கிடைத்தாலும் பொருந்தாத அளவுக்கு அவர் இரத்தத்தில் எதிரிகள் சேர்ந்திருந்தன. நன்றாகத்தான் வேலை செய்தது. பிறகு ஒரு தொற்று வந்ததால் நிர்ப்பீடனத்தை அடக்கும் மருந்தைக் குறைக்க வேண்டியிருந்தது. குறைத்ததும் உடல் மறுத்தது. 130 நாட்களில் அதை அகற்ற, அவர் மீண்டும் டயாலிசிஸுக்குப் போனார். 2025 ஜனவரியில் பொஸ்டனில் பொருத்திய இன்னொன்று 271 நாட்கள் தாங்கியது.

[திரையில்: ஆய்வுகூடம். சோதனைக் குழாய்கள்.]

இங்கே கண்டியில் அண்ணன் தம்பிக்குச் சிறுநீரகம் கொடுத்தாலும் முதலில் குறொஸ்மெட்ச் பார்ப்பார்கள். கொடுப்பவரின் கலங்களைப் பெறுபவரின் குருதிநீரோடு சேர்த்து, எதிரி ஒட்டுகிறதா என்று பார்க்கும் சோதனை அது. பன்றிக்கும் அதே சோதனைதான். எந்த நோயாளியின் இரத்தம் எந்தப் பன்றியோடு குறைவாகச் சண்டை பிடிக்கும் என்று பார்த்துத்தான் ஆளைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.