முதல் பிடி அரிசி

நேயர்களுக்கு வணக்கம். டெல்லியில் ஜனக்புரி, விகாஸ்புரி பக்கம் குடியிருக்கும் நம் தமிழ்க் குடும்பங்கள் இவர்களை நிச்சயம் பார்த்திருப்பார்கள். ராத்திரி காய்கறிச் சந்தை கலைகிற நேரம், வியாபாரிகள் கழித்துப் போட்ட முட்டைக்கோஸிலும் முள்ளங்கியிலும் நல்லதாகப் பார்த்துப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொள்ளும் பெண்கள். நாகாலாந்தோ மணிப்பூரோ என்று நினைத்துக்கொண்டு தாண்டிப் போயிருப்போம்.

இவர்கள் சின் மக்கள். மிசோரமுக்கு அந்தப் பக்கம், மியான்மரில் இருக்கும் மலை மாநிலம் இவர்களுடையது. 1899-இல் கார்சன் என்ற அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரித் தம்பதி அங்கே ஹாக்கா என்ற ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பௌத்தர்கள் பெரும்பான்மையாக உள்ள நாட்டில், இன்று இந்த ஒரு மாநிலத்தில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். 1988 போராட்டத்தை ராணுவம் அடக்கியபோது ஓடிவந்தார்கள். 2021-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் மறுபடி ஓடிவந்தார்கள். அந்த ஆண்டு தந்த்லாங் என்ற ஊரில், எரிகிற வீட்டை அணைக்கப் போன ஒரு இளம் போதகரை ராணுவத்தினர் சுட்டே கொன்றுவிட்டார்கள்.

நமக்கு இது கேள்விப்படாத கதை இல்லை. 1942-இல் பர்மாவிலிருந்து நடந்தே வந்த தாத்தா பாட்டி நம்மில் எத்தனையோ வீடுகளில் இருந்தார்கள். ஆனால் அவர்கள் வந்தது சொந்த ஊருக்கு. இவர்களுக்கு டெல்லியில் யாரும் கிடையாது. ஐ.நா. அகதிகள் ஆணையம் தரும் அகதி அடையாள அட்டைக்காக வருகிறார்கள். அகதிகளின் உரிமைகளைச் சொல்லும் 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்துப் போடவில்லை. அதனால் அட்டை கையில் இருந்தாலும், முறையான வேலை கிடைப்பது பெரும்பாடு.

சரி, நான் சொல்ல வந்தது அரிசியைப் பற்றி.

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் பிடி அரிசிக் காணிக்கை உண்டு. உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்துத் தனியாகப் போடுவார்கள் அம்மாக்கள். மிசோரமில் 1910-இல் தொடங்கிய இதே வழக்கம் சின் பெண்களிடமும் இருக்கிறது. பனியன் கம்பெனி ஒன்றில் பிசிறு நூல் வெட்டும் ஒரு அம்மாவை எனக்குத் தெரியும். ஒரே அறை வீடு, மூன்று பிள்ளைகள். ஒரு கிறிஸ்துமஸுக்கு அவருக்கு ஒரு மூட்டை அரிசி கொண்டுபோனேன். அவர் அதை வாங்கி வைத்து, தையலைப் பிரித்து, இரண்டு கையாலும் அள்ளினார். பிள்ளைகளுக்குத்தான் உலை வைக்கப் போகிறார் என்று நினைத்தேன். ஜன்னல் ஓரம் ஒரு பழைய பால் பவுடர் டப்பா இருந்தது. அதில் போட்டார். அப்புறம் இன்னொரு கை. டப்பா நிரம்பியதும் மூடி, கண்ணை மூடி ஜெபித்தார். அதற்குப் பிறகுதான் அடுப்பைப் பற்ற வைத்தார்.

அந்த டப்பா ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகும். கடைகளுக்கு மேல் வாடகைக்கு எடுத்த ஒரு கூடம்தான் அவர்கள் கோயில். அந்த வாரம் யார் வீட்டில் காய்ச்சலோ, யாருக்கு வேலை போயிற்றோ, அரிசி அங்கே போய்விடும். நன்றாகக் கேளுங்கள் நேயர்களே, சந்தையில் காய் பொறுக்குகிறவர் கொடுக்கிற அரிசி இது. மிஞ்சியதில் கொடுப்பதில்லை, முதலில் எடுத்து வைத்துவிடுகிறார்.

“உங்களுக்கே போதாதே அம்மா,” என்று இந்தியில் கேட்டேன். “இது எங்களுடையது இல்லையே,” என்றார். சம்பளம் வந்ததும் கணக்குப் பார்த்து, பத்தில் ஒரு பங்கைத் தசமபாகக் காணிக்கையாகப் பிரிக்கிறவள் நான். அந்த அறையில் எனக்குப் பேச்சு வரவில்லை. ஜெபிக்கட்டுமா என்று கேட்க நினைத்து வாயைத் திறப்பதற்குள், “உங்கள் மூட்டு வலிக்கு ஜெபிக்கிறேன்,” என்று அவரே என் முழங்காலில் கை வைத்தார்.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். அவர்களுடைய பாட்டுகளைப் பற்றியும் சொல்ல ஆசை, முடியாது போலிருக்கிறது. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பிள்ளைகள் இந்தி தெரியாமல் பள்ளியில் திணறுகிறார்கள். சாயங்காலம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து இந்தியும் கணக்கும் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. அந்தப் பக்கம் குடியிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், ஒரு ஞாயிறு அந்தக் கூடத்துக்குப் போய் அவர்கள் போதகரைப் பாருங்கள். வணக்கம்.