காப்பகத்துக்குச் சாப்பாடு கொண்டு போறீங்களா? முதல்ல ஒரு போன் போடுங்க

[காட்சி: மாலை நேரம். சென்னையில் வீடற்றோர் காப்பகம் ஒன்றின் வாசல், வரிசையாகச் செருப்புகள்.]

சென்னை மாநகராட்சியோட வீடற்றோர் காப்பகங்களை அன்றாடம் நடத்துறது பெரும்பாலும் தொண்டு நிறுவனங்கள்தான். ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு 100 பேர் தங்க இடம், ஆளுக்குக் குறைஞ்சது 50 சதுர அடி. தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் வச்ச அளவு இது. ஒரு பாய், ஒரு பெட்டி, நடக்கக் கொஞ்சம் வழி, அவ்வளவுதான். அங்க இருபது பேர் கூட்டமா நுழைஞ்சா தங்கியிருக்கிறவங்க சுவரோரம் ஒதுங்கி நிக்கணும். நாலஞ்சு பேருக்கு மேல போகாதீங்க.

ஒரு வாரம் முன்னாடியே வார்டன்கிட்ட பேசுங்க. யார் தங்கியிருக்காங்க, எந்த வேளைக்கு எத்தனை பேர், என்ன பொருள் தீர்ந்திருக்குன்னு கேளுங்க. ஆண்கள் காப்பகத்துக்குப் பகல் பதினோரு மணிக்குப் போனா பாய் மட்டும்தான் இருக்கும். லோடு இறக்க, கேட்டரிங் வேலைக்கு எல்லாரும் கிளம்பியிருப்பாங்க. முதியவங்க இருக்கிற இடத்துல மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் தூங்குற நேரம்.

[காட்சி: பெரிய அண்டா, அன்னக்கரண்டி, அடுக்கிய பொட்டலங்கள்.]

சாப்பாட்டுலதான் நிறைய பேர் சறுக்குறாங்க. ஞாயித்துக்கிழமை மதியம் மூணு குழு மூணு பிரியாணியோட வந்து நிக்கும். செவ்வாய்க்கிழமை காலையில யாரும் வர மாட்டாங்க. அதனால வார நாள் டிபனைக் கேட்டு வாங்கிக்கோங்க. மதியச் சாப்பாடுன்னா 50 பேருக்கு அரிசி ஆறரை கிலோ, சாம்பாருக்குப் பருப்பு ஒன்றரை கிலோ, பொரியலுக்குக் காய் நாலு கிலோ போதும்.

காலையில ஏழு மணிக்குக் கட்டின பொட்டலத்தை மதியம் ஒரு மணிக்குக் கொடுக்காதீங்க. அரிசியில இருக்கிற சில கிருமிகளோட வித்து வேகவச்சாலும் சாகாது. சூடான சோத்தை மூடிக் கட்டி கார் டிக்கியில அடுக்கினா, வெதுவெதுப்புல அது முளைச்சு நஞ்சை உண்டாக்கும். திரும்பச் சுட வச்சாலும் அந்த நஞ்சு போகாது. தயிர்சாதத்துக்குப் பாலை ஊத்தி ஒரு கரண்டி தயிர் மட்டும் கலங்க, புளிக்காது. தேங்காய்ச் சட்னியைத் தவிர்த்துடுங்க. ஸ்வீட்டை நேரா நீட்டாதீங்க. யாருக்குச் சர்க்கரைன்னு வார்டனுக்குத்தான் தெரியும். மனநல மாத்திரை சாப்பிடறவங்க இருக்கிற இடத்துல ராத்திரிச் சாப்பாடு தாமதமானா மாத்திரையும் தள்ளிப்போகும். அங்கயே சமையலறை இருந்தா மளிகையா கொடுத்துடறதுதான் எங்க கணக்குல சரி.

பழைய துணி எல்லா இடத்துலயும் மலை மாதிரி கிடக்கு. கிடைக்காதது புது உள்ளாடை, முன்பக்கம் ஜிப் வச்ச காட்டன் நைட்டி, லுங்கி, பினாயில், பெரியவங்களுக்கான டயப்பர். டயப்பர்ல இடுப்பளவு கேட்டு வாங்குங்க, லூசா இருந்தா ஒழுகும். பயன்படுத்தின போர்வையைத் துவைக்காம கொண்டு போகாதீங்க. ஒருத்தருக்குச் சொறி வந்தா அந்த அறையில எல்லாருக்கும் ஒரே நாள்ல மருந்து தடவணும், படுக்கையெல்லாம் வெந்நீர்ல போடணும். வார்டனுக்கு ரெண்டு நாள் அதுலயே போயிடும்.

[காட்சி: பைக்குள் வைக்கப்படும் செல்போன்.]

போட்டோ வேண்டாம். மனநலச் சிகிச்சையில இருக்கிறவங்க படத்தை அவங்க சம்மதம் இல்லாம ஊடகத்துல வெளியிட 2017 மனநலச் சட்டம் தடை போட்டிருக்கு. பராமரிப்பு தேவைப்படுற குழந்தையோட அடையாளத்தை வெளியிட்டா, 2015 சிறார் நீதிச் சட்டத்தோட 74-வது பிரிவுல ஆறு மாசம் வரை சிறை, இல்லன்னா ரெண்டு லட்சம் வரை அபராதம், இல்ல ரெண்டுமே. அடிக்குப் பயந்து வந்து தங்கியிருக்கிற பெண்ணைத் தேடிட்டிருக்கிறவனுக்கு உங்க ஸ்டேட்டஸே முகவரி ஆயிடும்.

‘ஏன் வீட்டை விட்டு வந்தீங்க?’ன்னு ஆரம்பிக்காதீங்க. ‘சாப்டாச்சா?’ போதும். ஐம்பது வயசு அக்காவைப் ‘பாட்டி’ன்னு கூப்பிட வேண்டாம், முகம் சுண்டிடும்.

காலையில அரசு ஆஸ்பத்திரி ஓபி வரிசையில ஒரு பெரியவரோட நிக்க ஆள் வேணும். சீட்டு, ரத்தப் பரிசோதனை, மருந்துன்னு அரை நாள் ஆகும். ஆதார் திருத்தம், முதியோர் உதவித்தொகை மனு எழுதவும் ஆள் வேணும். போன் பண்றப்பவே இதுக்கு வரேன்னு சொல்லிப் பாருங்க.

தெருவில யாராவது தவிச்சுட்டிருந்தா உங்க கார்ல ஏத்திட்டுப் போய் காப்பகத்துல விட்டுடாதீங்க. அவங்களுக்கு வர விருப்பமான்னு கேளுங்க. அப்புறம் மாநகராட்சியோட 1913-ஐக் கூப்பிட்டு, தெருப்பேரோட பக்கத்துல இருக்கிற கடை, பஸ் ஸ்டாப் அடையாளமும் சொல்லுங்க.