இறங்கும் நேரம்

நேயர்களுக்கு வணக்கம்.

பிற்பகலில் காட்டு மலையொன்றில் ஏறிவருவதைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். நம் திணை இலக்கணம் மலைக்கு யாமத்தை ஒதுக்கி, நண்பகலைப் பாலைக்குக் கொடுத்துவிட்டது. மதிய உணவுக்குப் பிறகு ஏறுகிற என்னைப் போன்றவர்களை அது கணக்கில் எடுக்கவேயில்லை. காலையில் புறப்படுபவருக்கு வழி தவறவும், திருத்திக்கொள்ளவும் பகல் முழுவதும் இருக்கிறது. பிற்பகலில் அந்த வசதி கிடையாது. ஆகவே இந்த நடையை, புறப்படும் நேரத்திலிருந்து அல்ல, இருட்டும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும் என்பதை நான் ஓயாமல் சொல்லிவருகிறேன். என் வீட்டார் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார்கள்.

வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-இல் சொன்ன கணக்கு இன்றும் உதவுகிறது. ஐந்து கிலோமீட்டர் நடக்க ஒரு மணி நேரம். அத்துடன், ஏறும் உயரத்தில் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் பத்து நிமிடம். நான்கு கிலோமீட்டர் பாதையில் 400 மீட்டர் ஏறுவதானால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஆகும். இது நிற்காமல் நடப்பவருக்கான கணக்கு. மூச்சு வாங்க நிற்பதையும், வேடிக்கை பார்ப்பதையும் நாம்தான் கூட்டிக்கொள்ள வேண்டும்.

பல ஆண்டுகளுக்கு முன் நண்பர்கள் மூவருடன் ஏறினேன். எங்கிருந்தாலும் நான்கு மணிக்குத் திரும்பிவிடுவது என்று அடிவாரத்திலேயே பேசி முடித்திருந்தோம். நான்கு மணிக்கு இரண்டாவது காட்சிமுனையில் இருந்தோம். அப்போது மேலிருந்து இறங்கிவந்த ஒருவர், “உச்சி இதோ, பத்தே நிமிடம்தான்” என்றார். இறங்கி வருபவர் சொல்லும் பத்து நிமிடத்தை நம்பாதீர்கள்! நாற்பது நிமிடம் ஆயிற்று. உச்சியில் எங்களுக்குக் கிடைத்தது வெள்ளைச் சுவர் போன்ற மேகம். வெயிலில் சூடேறிய காற்று பகல் முழுவதும் சரிவில் மேலேறிக் குளிர்ந்து, பிற்பகலில் உச்சியில் மேகமாகக் கூடிவிடும் என்பது அன்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இறங்கும்போது, கிளைகளின் இடுக்கில் வானம் வெளுப்பாகவே இருக்க, எங்கள் கால்கள் மட்டும் கண்ணுக்குத் தெரியாமல் போயின. அடர்ந்த காட்டுக்குள் கதிரவன் மறையும் முன்பே இருட்டிவிடுகிறது. நால்வருக்கும் ஒரே ஒரு டார்ச் விளக்கு, அதுவும் மங்கிக்கொண்டிருந்தது. எங்களைக் காப்பாற்றியது காதுதான். பலர் நடந்த தடத்தில் சருகு மிதிபட்டுப் பொடியாகிக் கிடந்ததால் ஓசை எழவில்லை. விலகி ஓரடி வைத்தாலோ காய்ந்த சருகு நொறுங்கிற்று. நொறுங்கும் ஒலி கேட்டவுடன் நின்று, காலைப் பின்னுக்கு இழுத்து, ஓசையில்லாத மண்ணைத் தேடி மிதித்தே கீழே வந்து சேர்ந்தோம். அன்றிலிருந்து, திரும்பும் நேரம் நான்கு மணி என்றால் எனக்கு நான்கு மணிதான். உச்சி கண்ணெதிரே நின்றாலும் திரும்பிவிடுகிறேன்.

கடிகாரம் இல்லாதவர்கள் கையை நன்றாக நீட்டி, கதிரவனுக்கும் அடிவானத்துக்கும் நடுவே விரல்களைப் படுக்கை வாட்டில் அடுக்கிப் பார்க்கலாம். ஒரு விரலுக்கு ஏறத்தாழ கால் மணி நேரம். கதிரவனை நேராகப் பார்க்க வேண்டாம். மேற்கே மலைமுகடு இருந்தால் வெயில் இன்னும் முன்னதாகவே மறைந்துவிடும்.

காட்சிமுனைகளைப் பற்றி விரிவாகச் சொல்லவே வந்தேன். ஒலிப்பதிவாளர் விரலை உயர்த்திவிட்டார். சுருக்கமாகச் சொல்கிறேன். சமவெளிக்கு மேல் 100 மீட்டர் உயரத்தில் நின்றால் அடிவானம் சுமார் 36 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும். அதை இரு மடங்காக்க நான்கு மடங்கு உயரம் ஏற வேண்டும். எனவே முதல் காட்சிமுனையை அவசரமாகக் கடந்து போகாதீர்கள். அங்கே சற்று உட்கார்ந்து, சாய்ந்த வெயிலில் முகடுகள் ஒன்றன்பின் ஒன்றாக நீலமாகி மங்குவதைப் பாருங்கள். முழங்காலைப் பற்றியும் குறித்து வைத்திருந்தேன்: இறக்கத்தில் அடியைச் சிறிதாக வையுங்கள். வணக்கம்.