நான்கு ஆண்கள், நான்கு பெண்கள், ஒரே அணி

நேயர்களுக்கு வணக்கம்.

கோர்ஃப்பால் என்றொரு ஆட்டம். அணிக்கு எட்டுப் பேர்; அதில் நான்கு பேர் ஆண்கள், நான்கு பேர் பெண்கள். ஆண்கள் கோப்பை, பெண்கள் கோப்பை என்ற பிரிவினை கிடையாது. நம் பக்கம் இதைப் பார்த்தவர்கள் குறைவு. ஆனாலும் 1995-ல் இதன் உலக சாம்பியன்ஷிப் நடந்த இடம் நம் புதுதில்லிதான். இந்த ஆட்டத்தை உலக அளவில் நிர்வகிக்கும் சர்வதேச கோர்ஃப்பால் சம்மேளனத்தைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். ஆட்டத்தைச் சொல்லாமல் சம்மேளனத்தின் பாடு புரியாது, அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1902-ல் ஆம்ஸ்டர்டாமில் இதை உருவாக்கியவர் நிகோ ப்ரூக்ஹைசன் என்ற பள்ளி ஆசிரியர். ஸ்வீடனுக்குப் பயிற்சிக்குப் போன இடத்தில், கம்பத்தில் உள்ள வளையத்துக்குள் பந்தைப் போடும் ஒரு விளையாட்டைப் பார்த்தார். ஊர் திரும்பி, வளையத்துக்குப் பதில் கூடையை மாட்டினார். அவர் வகுப்பில் பையன்களும் பெண்களும் சேர்ந்து படித்தார்கள், அதனால் சேர்ந்தே ஆடினார்கள். பெண்களின் முழங்கால் தெரிகிறது, இதெல்லாம் ஒழுக்கக்கேடு என்று அந்தக் காலத்தில் எதிர்ப்பு வராமல் இல்லை.

கூடை இருப்பது மூன்றரை மீட்டர் உயரத்தில். பின்னால் பலகை கிடையாது. பந்தைத் தட்டிக்கொண்டும் ஓடக் கூடாது, கையில் வைத்துக்கொண்டும் ஓடக் கூடாது. களம் இரண்டு பாதி. ஒவ்வொரு பாதியிலும் அணிக்கு இரண்டு ஆண், இரண்டு பெண். இரண்டு கோல் விழுந்ததும் தாக்கியவர்கள் தடுக்கப் போக வேண்டும், தடுத்தவர்கள் தாக்க வர வேண்டும். பெண்களைத் தடுப்பில் நிறுத்திவிட்டு ஆண்களே கோல் போட்டுக்கொண்டிருக்க வழியில்லை. ஒரு ஆணை ஆண்தான் மறிக்கலாம், பெண்ணைப் பெண்தான் மறிக்கலாம்.

இன்னொரு விதிதான் எனக்கு மிகப் பிடித்தது. எறிய நிற்பவருக்கும் கம்பத்துக்கும் நடுவில், கையெட்டும் தூரத்தில், எதிராளி முகம் பார்த்து நின்று கையை உயர்த்தி மறித்துவிட்டால், அவர் எறியவே கூடாது. எறிந்து கூடையில் விழுந்தாலும் கோல் கணக்கில் சேராது. இலங்கையின் வலைப்பந்து வீராங்கனை தர்ஜினி சிவலிங்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஆறடி பத்தங்குல உயரம். எதிராளியின் கைக்கு மேலே பந்தை வாங்கி மேலேயே போட்டுவிடுவார். கோர்ஃப்பாலில் அவருக்கே ஐந்தடிப் பெண் ஒருத்தி பக்கத்தில் ஒழுங்காக நின்று கையைத் தூக்கினால் போதும், எறிய முடியாது. எதிராளியை ஏமாற்றி விலகி ஓடி, இடம் கண்டுபிடித்த பிறகுதான் எறியலாம். உயரத்துக்கும் பலத்துக்கும் இங்கே மதிப்பு குறைவு. ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆட முடிவதற்கு இந்த விதி பெரிய காரணம்.

சரி, நிர்வாகத்துக்கு வருவோம். 1920 ஆண்ட்வெர்ப், 1928 ஆம்ஸ்டர்டாம் ஆகிய இரண்டு ஒலிம்பிக்கிலும் கோர்ஃப்பால் காட்சி ஆட்டமாக நடந்தது. 1933-ல் டச்சுக்காரர்களும் பெல்ஜியக்காரர்களும் சேர்ந்து சர்வதேச அமைப்பைத் தொடங்கினார்கள். முதல் உலக சாம்பியன்ஷிப் 1978-ல்தான் வந்தது. 1993-ல் சர்வதேச ஒலிம்பிக் குழு அங்கீகாரம் கொடுத்தது. இன்றைக்கு உறுப்பு நாடுகள் சுமார் 70.

அங்கீகாரம் என்றால் ஒலிம்பிக்கில் இடம் என்று அர்த்தமில்லை. ஊக்கமருந்துத் தடுப்பு விதிகள் எல்லாவற்றுக்கும் கட்டுப்பட வேண்டும். அதற்கு ஆளும் பணமும் வேண்டும். பதக்கம் மட்டும் கிடையாது. சொந்த நாட்டு அரசிடம் மானியம் கேட்கப் போனால் முதல் கேள்வியே "ஒலிம்பிக்கில் உண்டா?" என்பதுதான்.

ஒலிம்பிக் சாசனத்தில் வெகுகாலம் ஒரு விதி இருந்தது. ஒரு விளையாட்டு உள்ளே வர வேண்டுமானால் ஆண்கள் அதை 75 நாடுகளில், நான்கு கண்டங்களில் ஆட வேண்டும். பெண்கள் 40 நாடுகளில், மூன்று கண்டங்களில் ஆட வேண்டும். அதாவது, கணக்குப் புத்தகத்தில் ஆணுக்கு ஒரு பத்தி, பெண்ணுக்கு ஒரு பத்தி. ஆட்டமே சேர்ந்துதான் என்பவர்களை எந்தப் பத்தியில் எழுதுவது? அந்த எண்ணிக்கை விதி பிறகு போய்விட்டது. பிரித்துப் பார்க்கும் பழக்கம் போகவில்லை.

2014-ல் ஒலிம்பிக் குழு தன் சீர்திருத்தத் திட்டத்தில், ஆண் பெண் கலந்த அணிப் போட்டிகளை ஊக்குவிப்போம் என்று எழுதியது. கோர்ஃப்பால்காரர்கள் சந்தோஷப்பட்டிருப்பார்கள். அதே திட்டத்தில், கோடை ஒலிம்பிக்கில் வீரர்கள் எண்ணிக்கை சுமார் 10,500 என்று வரம்பும் போட்டார்கள். விளைவு என்ன? கலப்புத் தொடர் ஓட்டம் வந்தது, கலப்புத் தொடர் நீச்சல் வந்தது. ஏற்கெனவே வந்திருக்கும் ஓட்டக்காரர்களையும் நீச்சல்காரர்களையும் வைத்தே அவற்றை நடத்திவிடலாம், புதிதாக ஆள் வேண்டியதில்லை. கோர்ஃப்பாலுக்கு எட்டு அணிகளை அழைத்தால்கூட மாற்று ஆட்களோடு நூறு பேருக்கு மேல் ஆகிவிடும். அந்த நூறு பேருக்காக வேறு யாரைக் குறைப்பது? கலப்பு ஆட்டம் பிடிக்கும், ஆனால் செலவில்லாமல் வந்தால்தான் பிடிக்கும் என்பதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது.

பழி முழுவதையும் ஒலிம்பிக் குழு மேல் போடுவதும் நியாயமில்லை. 1978 முதல் 2023 வரை நடந்த 12 உலக சாம்பியன்ஷிப்களில் 11-ல் வென்றது நெதர்லாந்து. 1991-ல் மட்டும் பெல்ஜியம். முடிவு முன்பே தெரிந்த போட்டியைத் தொலைக்காட்சி எதற்குக் காசு கொடுத்து வாங்கும்? நெதர்லாந்தில் கிளப் இறுதி ஆட்டம் ரோட்டர்டாமின் பெரிய அஹோய் அரங்கிலேயே நடந்திருக்கிறது. சிறு நாடுகளில் உள்ளரங்கு கிடைப்பதே பாடு. அதனால்தான் சம்மேளனம் அணிக்கு நான்கே பேர் ஆடும் சிறு வடிவத்தையும், கடற்கரை மணலில் ஆடும் வடிவத்தையும் முன்னே கொண்டுவருகிறது. இரண்டிலும் இரண்டு ஆண், இரண்டு பெண். ஆளைக் குறைத்தாலும் பாதிக்குப் பாதியை அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. அதை நான் பாராட்டுகிறேன்.

ஆனால் அந்தப் பாதிக்குப் பாதிக்குள்ளேயே ஒரு சிக்கல் இருக்கிறது. தன்னை ஆணாகவோ பெண்ணாகவோ அடையாளப்படுத்தாத ஒருவர் வந்தால் அவரை யார் மறிப்பது? கலப்பு அணி ஆட்டமான குவாட்பாலில், ஒரே பாலினத்தவர் இத்தனை பேருக்கு மேல் களத்தில் இருக்கக் கூடாது என்பதுதான் விதி. ஒருவர் தன்னை என்னவாகச் சொல்கிறாரோ அதை ஏற்றுக்கொள்கிறார்கள். 1902-ல் பிறந்த ஆட்டத்தில் ஆணை ஆண் மறிப்பது என்பதுதான் அஸ்திவாரமே. அதில் கை வைத்தால் மறிக்கும் விதிகளை முதலிலிருந்து எழுத வேண்டிவரும். அந்தப் பேச்சைத் தள்ளிப்போடாமல், வீராங்கனைகளையும் பக்கத்தில் உட்காரவைத்து இப்போதே தொடங்குவது நல்லது.

இதற்கிடையே ஆசியாவைக் கவனியுங்கள். 2023 உலக சாம்பியன்ஷிப் தைபேயில் நடந்தது. இறுதி ஆட்டத்துக்கு வந்தது பெல்ஜியம் அல்ல, சீன தைபே என்ற பெயரில் ஆடும் தைவான். தோற்றுத்தான் போனார்கள். ஒலிம்பிக் கதவைத் தட்டுவதைவிட, நெதர்லாந்தை இன்னொரு முறை யாராவது தோற்கடிப்பதுதான் இந்த சம்மேளனத்துக்கு அவசரத் தேவை. என் பந்தயம் தைவான் மேல்.

நன்றி, வணக்கம்.