கோல்ஃப் மட்டையோடு போருக்குப் போனவன்

நேயர்களுக்கு வணக்கம். போருக்குக் கிளம்புகிற ஒரு பையன், கோல்ஃப் மட்டைகளையும் விருந்துக்குப் போடுகிற நீலச் சீருடையையும் கூடவே கட்டி எடுத்துக்கொண்டு போகிறான். எதற்கப்பா இதெல்லாம் என்று மூத்த அதிகாரி ஒருவர் கேட்டாராம். லாகூரில் கோல்ஃப் ஆடப் போகிறேன் சார், ஜெயித்த பிறகு விருந்து வைப்பார்களே, அதற்கு இது வேண்டாமா என்றானாம். 1971 டிசம்பர், பாகிஸ்தானோடு போர். பையனின் பெயர் அருண் கேத்தர்பால், வயது 21.

அவன் இவன் என்று பேசுகிறேனே என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். போர்க்கள வீரத்துக்கு நாட்டின் மிக உயர்ந்த விருதான பரம் வீர் சக்ரா வாங்கியவரை அப்படிச் சொல்லலாமா என்று நானும் யோசித்தேன். ஆனால் 21 வயது என்று நினைத்தாலே எனக்கு வாயில் ‘அவர்’ வர மாட்டேன் என்கிறது.

அது பட்டாளத்துக் குடும்பம். கொள்ளுத்தாத்தா சீக்கியர் படையில் பிரிட்டிஷாரை எதிர்த்துச் சண்டை போட்டவர், தாத்தா முதல் உலகப் போருக்குப் போனவர், அப்பா பிரிகேடியர் எம். எல். கேத்தர்பால் ராணுவப் பொறியாளர். அருண் 1971 ஜூனில்தான் அதிகாரியாகி பூனா ஹார்ஸ் என்கிற டாங்கி ரெஜிமென்டில் சேர்ந்தான். இளம் அதிகாரிகளுக்கான பயிற்சிக்கு அகமத்நகரில் இருந்தவனைப் போர் வருகிறது என்று பாதியிலேயே திருப்பிக் கூப்பிட்டார்கள். போகிற வழியில் டெல்லியில் இறங்கி வீட்டுக்குப் போனான். உன் தாத்தா சண்டை போட்டார், அப்பா சண்டை போட்டார், நீயும் சிங்கம் மாதிரி போடு, கோழையாகத் திரும்பி வராதே என்று சொல்லித்தான் அம்மா அனுப்பினாராம். இந்த வார்த்தையை மேடைகளில் ரொம்பப் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு என்னவோ, அதைச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திய பிறகு அந்த அம்மா என்ன செய்திருப்பார் என்றுதான் யோசனை ஓடும்.

டிசம்பர் 16. பாகிஸ்தானின் ஷகர்கர் பகுதியில், பசந்தர் ஆற்றைத் தாண்டி ஜர்பால் என்கிற இடம். எதிரே பாகிஸ்தானின் பேட்டன் டாங்கிகள் அலை அலையாக வருகின்றன, அவற்றை மறித்து நிற்பவை நம்முடைய மூன்று செஞ்சூரியன் டாங்கிகள், அதில் ஒன்று அருணுடையது, ‘ஃபாமகுஸ்தா’ என்று பெயர். அன்று எதிரியின் பத்து டாங்கிகள் வீழ்ந்தன, நான்கு அவன் கணக்கு. அவன் டாங்கியில் தீப்பிடித்தது. விட்டுவிட்டு வெளியே வா என்று வயர்லெஸ்ஸில் உத்தரவு வந்தது. முடியாது சார், என் பீரங்கி இன்னும் வேலை செய்கிறது என்றான். அப்புறம் இன்னொரு குண்டு விழுந்தது. டாங்கியில் இருந்த நான்கு பேரில் அவனும் வயர்லெஸ் பார்த்த வீரரும் இறந்தார்கள், ஓட்டுநரும் பீரங்கி சுடுபவரும் தப்பித்தார்கள்.

அதே நாள் மாலையில் கிழக்கே டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது, மறுநாள் மேற்கு எல்லையிலும் சண்டை நின்றது. இன்னும் ஒரே ஒரு நாள், அவ்வளவுதான். டெல்லி வீட்டில் இது எதுவும் தெரியாது. போர் முடிந்துவிட்டது, பையன் வந்துவிடுவான் என்று அம்மா அவன் அறையைச் சுத்தம் செய்து, மோட்டார் சைக்கிளைக் கூட சர்வீஸுக்கு விட்டு எடுத்து வைத்திருந்தார். ஜம்முவில் சாம்பா பக்கத்தில் 17-ஆம் தேதியே அவனுக்குத் தகனம் முடிந்திருந்தது. அப்புறம்தான் தந்தி வந்தது.

சரி, இத்தோடு முடிந்திருந்தால் இன்று இதைப் பேச நான் வந்திருக்க மாட்டேன். முப்பது வருஷம் கழித்து, 2001-இல், 81 வயது பிரிகேடியருக்குத் தான் பிறந்த சர்கோதாவை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று ஆசை வந்தது. பிரிவினைக்குப் பிறகு அது பாகிஸ்தானில் இருக்கிறது. லாகூரில் குவாஜா முகமது நாசர் என்கிற ஓய்வு பெற்ற பாகிஸ்தான் பிரிகேடியர் தன் வீட்டிலேயே தங்க வைத்தார். குடும்பமே விழுந்து விழுந்து கவனித்ததாம். முன்பின் தெரியாத நமக்கு ஏன் இவ்வளவு என்று இவருக்குக் கொஞ்சம் சங்கடமாகவே இருந்திருக்கிறது.

கிளம்புவதற்கு முந்தைய இரவுதான் நாசர் வாயைத் திறந்தார். உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும், உங்கள் மகனைச் சுட்டது நான்தான் என்றார். எதிரும் புதிருமாக நின்று நாங்கள் இரண்டு பேரும் சுட்டோம், நான் பிழைத்தேன், அவன் பிழைக்கவில்லை. அவன் அவ்வளவு சின்னப் பையன் என்பது பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது என்றும் சொன்னார்.

கேட்ட அந்த அப்பாவின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். அந்த வீட்டுச் சாப்பாட்டைத்தான் அத்தனை நாளும் சாப்பிட்டிருக்கிறார். கத்துவாரா, எழுந்து போவாரா? ஒன்றும் செய்யவில்லை, என்ன சொல்வது என்றே அவருக்குத் தெரியவில்லை. எனக்கு இன்னொன்றும் தோன்றுகிறது. டாங்கிக்குள் மகன் எப்படி இருந்தான் என்று உயிர் தப்பியவர்கள் சொல்லலாம். எதிரே நின்று பார்த்தால் அவன் எப்படி இருந்தான் என்பதை அப்பாவுக்குச் சொல்ல வேண்டுமானால், சுட்டவர்தான் சொல்ல வேண்டும்.

பிற்பாடு இருவரும் சேர்ந்து எடுத்துக்கொண்ட புகைப்படத்தின் பின்பக்கம் நாசர் அதைத்தான் எழுதினார். எங்கள் எதிர்த்தாக்குதலின் வெற்றிக்கும் தோல்விக்கும் நடுவில் பெயர்க்க முடியாத பாறையாக நின்றவன் உங்கள் மகன் என்று. கீழே 2001 மார்ச் 2, லாகூர் என்று தேதியும் ஊரும். சண்டையின் பெயரை மட்டும் இரண்டு விதமாக எழுதியிருந்தார்: நாங்கள் இதை பாரா பிண்ட் என்கிறோம், பூனா ஹார்ஸ்காரர்கள் பசந்தர் என்கிறார்கள்.