லண்டனின் 'நம்பர் ஒன்': ஆப்ஸ்லி ஹவுஸ்

(காட்சி: ஹைட் பார்க் கார்னர். வண்டிகளுக்கு நடுவே தனித்து நிற்கும் மாளிகை.)

இதன் முகவரி 149, பிக்காடில்லி. ஆனால் மக்கள் வைத்த பெயர் 'நம்பர் ஒன், லண்டன்'. அந்தக் காலத்தில் மேற்கிலிருந்து நகருக்குள் வந்தவர்கள் சுங்கச்சாவடியைத் தாண்டியதும் பார்த்த முதல் வீடு இதுதான்.

1771இல் தொடங்கி 1778 வரை, ஆப்ஸ்லி பிரபுவுக்காகக் கட்டடக் கலைஞர் ராபர்ட் ஆடம் கட்டியது. அப்போது வெறும் செங்கல் வீடு. 1807இல் இதை வாங்கிய ரிச்சர்ட் வெல்லெஸ்லி நமக்குத் தெரிந்தவர்தான். திப்பு சுல்தான் வீழ்ந்தபோது கவர்னர் ஜெனரலாக இருந்தவர். அவர் பணக்கஷ்டத்தில் விழ, 1817இல் தம்பி ஆர்தர் வீட்டை வாங்கிக்கொண்டார். வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற வெலிங்டன் பிரபு அவரேதான்.

(காட்சி: படிக்கட்டின் அடியில் பளிங்குச் சிலை.)

மூன்று மீட்டருக்கும் மேல் உயரமாக நிற்பது நெப்போலியன்! இத்தாலியச் சிற்பி கனோவா செதுக்கிய இந்தச் சிலை நெப்போலியனுக்கே பிடிக்கவில்லை. பிரிட்டிஷ் அரசு 1816இல் வாங்கியது. அப்புறம் அது வெலிங்டனுக்குப் பரிசாக வந்தது. கனம் தாங்குவதற்குத் தரைக்கு அடியில் முட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது.

செங்கல்லைப் பாத் நகரத்துக் கல்லால் மூடி, முகப்பில் தூண்களை நிறுத்தியவர் பெஞ்சமின் டீன் வயட். வாட்டர்லூ கேலரியும் அவர் வேலைதான். ஆண்டுதோறும் வாட்டர்லூ வெற்றி நாளான ஜூன் 18 அன்று பழைய தளபதிகளுக்கு விருந்து நடந்த கூடம் அது. சுவருக்குள்ளிருந்து நகர்ந்து வரும் கண்ணாடிகள் இரவில் ஜன்னல்களை மறைத்துவிடும். சுவர்களில் ஸ்பெயின் அரச ஓவியங்கள். 1813இல் ஸ்பெயினின் விட்டோரியா போரில் தோற்று ஓடிய, நெப்போலியனின் அண்ணன் ஜோசப் போனபார்ட்டின் வண்டியில் கிடைத்தவை. வெலிங்டன் திருப்பித் தர முன்வந்தார். ஸ்பெயின் மன்னர் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். ஸ்பெயின் ஓவியர் வெலாஸ்கெஸின் 'தண்ணீர் விற்பவர்' ஓவியத்தை மட்டும் அவசரமாகப் பார்க்காதீர்கள். அந்தப் பானையில் வழிந்து நிற்கும் துளிகளுக்காகவே இங்கே வரலாம்.

(காட்சி: வெளி ஜன்னல்கள்.)

இந்த வீட்டின் கதையில் என்னை அதிகம் உலுக்குவது 1831. வாக்குரிமையை விரிவாக்கும் சீர்திருத்தத்தை வெலிங்டன் பிடிவாதமாக எதிர்த்தார். ஏப்ரலில் சீர்திருத்தத்தை ஆதரித்து ஊரே விளக்கேற்றிக் கொண்டாடியபோது இந்த வீடு இருண்டு கிடந்தது. கூட்டம் கல்லெறிந்து ஜன்னல்களை நொறுக்கியது. உள்ளே, சில நாட்களுக்கு முன் இறந்துபோன அவர் மனைவியின் உடல் இருந்தது. மக்களின் கோபத்தில் நியாயம் இருந்தது. அந்த வீட்டில் துக்கமும் இருந்தது. பிறகு அவர் ஜன்னல்களுக்கு இரும்புக் கதவுகள் போட்டார்.

1947இல் மாளிகை நாட்டுக்கு வழங்கப்பட்டு, 1952இல் அருங்காட்சியகமாகத் திறந்தது. 1960களில் பார்க் லேன் சாலையை அகலப்படுத்தியபோது ஒட்டியிருந்த வீடுகள் இடிந்தன. வரிசை வீடாக இருந்தது இப்படித்தான் தனி வீடானது. வெலிங்டன் குடும்பத்துக்கு இன்றும் உள்ளே சில அறைகள் இருக்கின்றன.