துவரங்கம்பு யார் கையில்?

நடுவர் ஐயா அவர்களே, எதிரணித் தம்பிமாரே, வெற்றிலைத் தட்டத்தோடு முன்வரிசையில் இடம்பிடித்திருக்கும் ஆச்சிமாரே, வணக்கம்.

பயங்கரவாதத்தை ஒடுக்கும்போது முடிவெடுக்க வேண்டியது படைத்தளபதியா, மக்கள் தெரிந்தெடுத்த தலைமையா? இதுதான் தலைப்பு. எனக்கு முன் பேசிய தம்பி, "அடியாத மாடு படியாது, தளபதியின்ரை கையைக் கட்டாதேங்கோ" என்று முழங்கிக் கைதட்டும் வாங்கிவிட்டார். தம்பி மாடு வளர்த்தவர் இல்லைப் போல. எந்த மாடு பயிரை மேய்ந்தது என்று பாராமல் துவரங்கம்போடு பட்டிக்குள் இறங்கினால், முழுப்பட்டியும் வெருண்டு வேலியைப் பிய்த்துக்கொண்டு ஓடும். மேய்ந்த கள்ளமாடும் அதுகளோடு சேர்ந்து ஓடிவிடும்.

பெரு நாட்டில் அதுதான் நடந்தது. 1980இல் 'ஒளிரும் பாதை' இயக்கம் அங்கே ஆயுதம் தூக்கியது. அரசு மலைப்பக்கத்தை இராணுவத்திடம் விட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டது. 1985இல் அக்கோமார்க்கா என்ற கிராமத்தில் படையினர் பெண்கள், பிள்ளைகள் என்றும் பாராமல் கொன்றார்கள். இயக்கம் அழிந்ததா? தலைநகர் லீமா வரைக்கும் வந்து குண்டு வைத்தது. 1992 செப்டெம்பர் 12ஆம் திகதி அதன் தலைவர் அபிமாயல் குஸ்மானைப் பிடித்தது பொலிஸின் சின்னஞ்சிறு புலனாய்வுப் பிரிவு ஒன்று. எப்படிப் பிடித்தார்கள்? குப்பையைக் கிளறி! ஒரு நடன ஆசிரியையின் வீடு. வெளியே வரும் குப்பைப் பையோ அந்த வீட்டுக் கணக்குக்கு மிஞ்சிக் கனக்கிறது. உள்ளே தோல் வருத்தத்துக்குப் பூசும் மருந்துக் குழாய்கள், குஸ்மான் பத்தும் சிகரெட்டின் கட்டைகள். மேல்மாடியில் ஆள் இருந்தார்.

எங்கே படை, எங்கே பொலிஸ், எங்கே பேச்சு என்று பிரித்துப் பார்ப்பது தளபதியின் வேலை இல்லை. அவரைக் கேட்டால் படையைத்தான் அனுப்புவார். அது அவர் குற்றமும் இல்லை, அவருக்குப் படிப்பித்தது அதுதான். கொரியப் போரைச் சீனா வரைக்கும் நீட்ட நின்ற அமெரிக்கத் தளபதி மக்ஆர்தரை 1951இல் ஜனாதிபதி ட்ரூமன் பதவி நீக்கினாரே, அந்த அதிகாரத்தைத்தான் நாங்கள் கேட்கிறோம்.

பெருவிலே குப்பைப் பை. எங்களுக்குக் கிடைத்தது தலையாட்டி. இளம்பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லே தெரியாமல் இருக்கலாம், நல்லது. விடியற்காலைச் சுற்றிவளைப்பில் எங்கள் ஒழுங்கை ஆம்பிளைகளை மைதானத்தில் வரிசையாக இருத்தினார்கள். முகத்தை மூடிய ஒருவர், கண் இரண்டுக்கும் மட்டும் ஓட்டை. அவர் தலை அசைந்தால் ஆள் வாகனத்தில். எனக்கு இரண்டு பேர் தள்ளி இருந்த பொடியனுக்கு அசைந்தது. அவன்ரை தாய் பிறகு முகாம் வாசலுக்கு நடந்த நடை கொஞ்சமில்லை. "பெரியவர் இல்லை, நாளைக்கு வாங்கோ." ஒவ்வொரு நாளும் அதே நாளைக்கு. அந்த மனிசி கேட்டது ஒன்றுதான்: "ஆர் சொல்லிப் பிடிச்சனியள்?"

எதிரணி என்ன சொல்லும் என்று தெரியும். "2019 உயிர்த்த ஞாயிறன்று உங்கள் மக்கள் தலைவர்கள் கிழித்தார்களோ?" கிழிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஏப்ரல் 4ஆம் திகதியே இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்தது. 21ஆம் திகதி மட்டக்களப்பு சீயோன் தேவாலயம் உட்படக் குண்டுகள் வெடித்து 260 பேருக்கு மேல் செத்தார்கள். பிரதமரைப் பாதுகாப்புச் சபைக் கூட்டங்களுக்கே கூப்பிடாத காலம் அது. போதாக்குறைக்கு, தற்காலிகம் என்று 1979இல் கொண்டுவந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தை 1982இல் நிரந்தரமாக்கியதும் பாராளுமன்றம்தான். இதை எங்கள் அணி மறைக்கேலாது.

ஆனால் 2023 ஜனவரியில் என்ன நடந்தது? தாக்குதல் நடந்தபோது ஜனாதிபதியாகவும் பாதுகாப்பு அமைச்சராகவும் இருந்த மைத்திரிபால சிறிசேன, சொந்தப் பணத்திலிருந்து 10 கோடி ரூபா நட்டஈடு கட்ட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காசு செத்தவரைக் கொண்டுவராது. என்றாலும் "ஆர் பொறுப்பு?" என்ற கேள்விக்கு ஒரு பெயர் கிடைத்தது. அந்தத் தாய்க்கு அதுகூடக் கிடைக்கவில்லை.

மணி அடித்துவிட்டார்கள். அடுத்ததாகப் பேச வரும் எதிரணித் தம்பியிடம் ஒன்று கேட்டுவிட்டு இறங்குகிறேன். தளபதியே முடிவெடுக்கட்டும், சரி. அவர் பிழையாக முடிவெடுத்த நாளில் நாங்கள் எந்த வாசலுக்குப் போவது? விலாசத்தைச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கோ தம்பி.